கழுத்துக்குழி

இந்த மெஷினுக்கு என்ன, அது பாட்டுக்குக் கொரகொரன்னு கத்திக்கிட்டுக் கெடக்கு, இவ கழுத்துக்குழி இன்னும் உள்ளதான் இழுக்குது. ஒவ்வொரு மூச்சுக்கும் விழுது, எந்திரிக்குது, மறுபடி விழுது. மூஞ்சி பூரா பச்சை மாஸ்க்கு, அதுக்குள்ள வெள்ளையா ஆவி, அதுக்கு மேல ரெண்டு கண்ணு என்னையே பாக்குது. மெதுவா இழு மித்ரா, அவசரப்படாத, அம்மா இங்கதான் இருக்கேன். எட்டு வயசுப் புள்ள, மடியில கொள்ளல, காலு ரெண்டும் ஸ்டூலுக்குக் கீழ தொங்குது. புது வீட்டுல பால்காய்ச்சு அன்னைக்கு அடுப்புல பால் பொங்கவிட்டுட்டு, நான் இங்க பிள்ளைகள் கிளினிக்குல நெபுலைசர் ரூமுல அரக்குப் பட்டும் தலை நெறைய மல்லியப்பூவுமா உக்காந்திருக்கேன், பாக்கறவன் என்ன நெனப்பான், நெனைச்சுட்டுப் போறான். எதுத்தாப்புல பெஞ்சுல மதினி. ஆவுடை மதினி, என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. இவளை யாரு வரச் சொன்னா? ஆட்டோ கெளம்புறப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலருந்து ஓடியாந்து, கேக்காமக் கொள்ளாம டிரைவர் பக்கத்துல ஏறிட்டா. வந்தவ சும்மா இருந்தாளா, இடுப்புல சொருகியிருந்த பொட்டலத்தை அவுத்து விபூதியை எடுத்துக்கிட்டு வாரா, புள்ள நெத்தியில பூசணுமாம். நான் கையைத் தட்டிவிட்டேன். மூச்சு இழுக்க முடியாம கெடக்கு, இதுல சாம்பலை வேற மூக்குக்கு மேல கொண்டாரா. தூளு அத்தனையும் உள்ள போவும் மதினி, கொஞ்சம் அறிவு வேண்டாமான்னு கேட்டேன். கேட்டுட்டு, நர்சு திரும்பிப் பாத்ததுனால வாயை மூடிக்கிட்டேன். அவ பொட்டலத்தை மடிச்சு மறுபடி சொருகிக்கிட்டா. அதுதான் இவகிட்ட எனக்குப் புடிக்காதது. திட்டுனாலும் திருப்பித் திட்ட மாட்டா, மடிச்சுச் சொருகிக்குவா.

டாக்டர் சின்னப்பொண்ணு, வந்து நெஞ்சுல வச்சுப் பாத்துட்டு ரெண்டாவது தடவையும் வைங்கன்னுட்டா. இதுலயும் கொறையலன்னா இங்க வச்சுப் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்துருவேன், அங்க ஊசி, ஆக்ஸிஜன்னு போட்டு உள்ள வச்சுப் பாப்பாங்கன்னு சொன்னா. உள்ள வச்சுன்னா எங்கன்னு நான் கேக்கல. ஐசியூதான்னு எனக்குத் தெரியாதா. நான் ஆஸ்பத்திரி லேபுல ரத்தம் பாக்கிறவ. கண்ணாடியில ஒரு சொட்டைத் தேச்சு, சாயம் போட்டுக் காயவச்சு, மைக்ராஸ்கோப்புல வச்சா ஒருத்தன் உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிரும். இவ ரத்தத்தையும் நானே பாத்தேன். வேற யாருகிட்டயும் குடுக்க மனசு வரல. இயோசினோபில், வெள்ளை அணுவுல ஒரு ஜாதி. ரெண்டு மடலாக் கரு, மூக்குக்கண்ணாடி கணக்கா, சுத்தி ஆரஞ்சு ஆரஞ்சாப் பொடி, கேசரியில கலர் கூடிப்போனா இருக்குமே அப்படி. ஒண்ணு ரெண்டு நிக்க வேண்டிய எடத்துல கூட்டங்கூடி நின்னுக்கிட்டிருந்தது. பாக்க அழகாத்தான் இருக்கும் மூதி. அதுக்கு என்ன வேலை தெரியுமா, வயித்துப் புழுவைக் கொல்லணும். அதுக்குத்தான் அந்தப் பொடியில விஷத்தைக் கட்டித் தூக்கிட்டு அலையுது. எம்புள்ள வயித்துல புழுவும் இல்ல பூச்சியும் இல்ல. வேலை வெட்டி இல்லாத பய கையில அருவாளக் குடுத்தா அவன் சும்மாவா இருப்பான், வீட்டுக் கதவையே வெட்டுவான். அதைத்தான் இது செய்யுது.

இதாவது பின்னால வாரது. ஆரம்பிச்சு வைக்கிறது இன்னொண்ணு. மாஸ்ட் செல்லு. மூச்சுக்குழாய்ச் சுவத்துலயே குத்தவச்சு உக்காந்திருக்கும், மடி நெறைய மூட்டை. மேல கொக்கி கொக்கியா ஐஜிஇங்கிற புரதம் மாட்டியிருக்கும். தலையாணியில கண்ணுக்குத் தெரியாம ஒரு பூச்சி இருக்குல்ல, அதோட பீ, அந்தத் தூசி ஒரு பொட்டு வந்து ரெண்டு கொக்கியைச் சேத்துத் தொட்டுட்டாப் போதும், மூட்டையை அவுத்துக் கொட்டிரும். ஹிஸ்டமின், லூக்கோட்ரைன், இன்னும் என்னென்ன கருமமோ. குழாய் வீங்கும், சளி கோக்கும், சுத்தியிருக்கிற தசை முறுக்கிப் பிழியும். வந்தவன் யாரு? ஒரு தூசி. திருடனா, கொலைகாரனா? கல்யாண வீட்டுல என்னை யாரும் வாங்கன்னு கேக்கலன்னு பந்தியில எலையைத் தூக்கி எறிவாம்லா ஒரு சொந்தக்காரன், அவனேதான். அதோட முடிஞ்சுதா. அவன் போடுற கூப்பாட்டுக்கு ஊர்லருந்து ஆளு வரும். இண்டர்லூக்கின்னு பேரு, பேரென்ன பேரு, ஏலே, வாங்கலேன்னு கூப்பிடுற சத்தம்தான் அது. அந்தச் சத்தங்கேட்டு இயோசினோபிலு வண்டிகட்டிட்டு வந்து எறங்கும், காலையில நடந்த சண்டைக்குச் சாயங்காலம் வந்து, முடிஞ்சுபோன எடத்துல மறுபடி ஆரம்பிக்கும். குழாயோட உள்தோலை உரிச்சுப் போட்டுரும். அத்தனையும் எதுக்கு, இவளைக் காப்பாத்துறதுக்காம். த்தூ. காப்பாத்துற மூஞ்சியைப் பாரு. எனக்கு இந்தச் செல்லுகளைக் கண்டா ஆத்திரமா வருது, லேபுல வேற யாரோ ரத்தத்துல பாத்தாக்கூட, நீயும் அந்தக் கூட்டம்தானன்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டேதான் எண்ணுவேன். இப்ப எம்புள்ள நெஞ்சுக்குள்ள இதுக நின்னு ஆடுது. நான் வெளியில நின்னு குழியைப் பாத்துக்கிட்டிருக்கேன்.

இதுகளை அடக்கி உக்கார வைக்கத்தான் தெனமும் காலையில ராத்திரியில இழுக்கிற பஃப். ஒடனே ஒண்ணும் தெரியாது, மெல்லமாத்தான் வேலை செய்யும், அதனாலேயே இந்த வீட்டுல அதுக்கு மரியாதை கெடையாது. பரிச்சை லீவுக்கு இவளை மதினி வீட்டுல விட்டிருந்தோம். நல்லாத்தான இருக்கா, நல்லாருக்க புள்ளைக்கு எதுக்கு மருந்து, பழகிப்போச்சுன்னா அப்புறம் விட முடியாது, பொட்டப்புள்ள வேறன்னு மதினி சொல்ல, என் வீட்டுக்காரரு குற்றாலிங்கம் சரி சரின்னு தலையாட்டிட்டு வந்திருக்காரு. லீவு பூரா பஃபை நிறுத்திட்டாங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நல்லாருக்கிறதே அதனாலதான்னு ஒருத்தருக்கும் தோணல. கொடை புடிச்சிருக்கேன், நனையல, அப்ப கொடை எதுக்குன்னு மழையில மடக்கிட்டுப் போன கூட்டம். நான் கண்டுபுடிச்சு, ஆடித் தீத்து, மறுபடி ஆரம்பிச்சு வச்சிருக்கேன். ஆனா குழாய் பழையபடி ஆக நாளாவும்லா, இன்னும் வீங்கித்தான் கெடக்கு உள்ள. வீங்கிக் கெடக்கிற எடத்துல பூச்சித்தூசிதான் படணும்னு இல்ல, புகை ஒரசுனாலே போதும்.

புகை. ஹோமம் வேண்டாம், பாலை மட்டும் காய்ச்சுவோம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு அந்த மனுஷன் சொன்னாரு. சொந்தக்காரங்க வந்தாங்க, இட்லி எப்பம்னு கேட்டாங்க, மாடிப்படி செங்குத்தா இருக்குன்னு சொன்னாங்க, வேற என்ன சொன்னாங்க? சரி, ஹோமம்னா புள்ள உள்ள வரப்படாது, ரோட்டுக்கு எதுத்தாப்புல காலி மனையில நாற்காலி போட்டு உக்காரட்டும்னு நான் ஏற்பாடு பண்ணேன். அங்கதான் மதினியும் உக்காந்திருந்தா, எல்லாரு செருப்புக்கும் காவலா. மதினி வீட்டுக்காரரு தவறி மூணு வருஷம் ஆச்சு. நல்ல காரியத்துல நான் முன்னால நிக்கப்படாதுன்னு இவளே போய் ஒதுங்கிக்குவா, இவளை யாரும் போன்னு சொல்லல. சரி, வாங்கன்னும் யாரும் சொல்லல. நான் சொன்னேன், வாசல்ல நின்னு ஒரு தடவை, உள்ள வாங்க மதினின்னு. அவ அங்கருந்தே கையைக் காட்டி, இருக்கட்டும் பிரமு, இங்கருந்தே நல்லாத் தெரியுதுன்னா. அங்கருந்து என்னத்தைத் தெரியும், புகையும் நாலு பேரு முதுகும் தெரியும். ஒதுங்குறதுல ஒரு பெருமை. இந்த மாதிரி ஆளுகளாலதான் இதெல்லாம் இன்னும் ஒழியமாட்டேங்குதுன்னு நெனைச்சுக்கிட்டு நான் மணையில போய் உக்காந்தேன்.

மருந்துக்குத் தடை வேற. புது வீட்டுக்குள்ள மொத மொத உப்பு போவணும், மஞ்சள் போவணும், நெறைகுடம் போவணும், மருந்து வாசல் தாண்டப்படாதாம், தாண்டுனா நோயும் கூடவே குடிவந்துருமாம். இதைச் சொன்னதும் மதினிதான், முந்தின நாளே. நான் சிரிச்சேன். நான் சிரிச்சது யாருக்கு வேணும், என் கைப்பைக்குள்ள கெடந்த அவசரத்துக்கு இழுக்கிற நீலப் பஃபையும் அதை மாட்டுற குழாயையும் எடுத்து அந்த மனுஷன் காருக்குள்ள வச்சுட்டாரு. கார் வாசல்லதான நிக்குன்னாரு. நின்னுது. ஹோமம் முடியிற வரைக்கும் நின்னுது. பூர்ணாகுதிக்குக் கொழந்தை கையால ஒரு கொப்பரை போடட்டும்னு ஐயர் சொன்னதும், மணையில உக்காந்த வாக்குலயே இந்த மனுஷன் வா மக்கான்னு குரல் குடுத்துட்டாரு. அப்பா கூப்பிட்டா புள்ள வராதா? ஓடி வந்தா, ரெண்டு கையாலயும் போட்டா, நெய் பட்டுத் தீ எந்திரிச்சுது, புகை மண்டி ஒருத்தரு மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் எந்திரிச்சு இவளை வெளியில தள்ளிட்டுப் போறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டுது. தண்ணி குடுத்துப் பாத்துட்டு, பஃபுக்கு வாசலுக்கு ஓடுனா காரைக் காணல. இட்லி கொறையும்போல இருக்குன்னு ஹோமம் முடிஞ்ச கையோட ஹோட்டலுக்குப் போயிருக்காரு வீட்டுக்காரரு, எம்புள்ள மூச்சை டேஷ்போர்டுல வச்சுக்கிட்டு.

இருமுதா. இப்பதான் அடங்கிச்சு, மறுபடி இருமுதா. வேர்த்து ஊத்துது. வந்த ஒடனே இவ பட்டுப்பாவாடையையும் சட்டையையும் கழத்தி, துணியில புகை ஏறியிருக்கு, வெளிய கொண்டு போய் வைங்கன்னு நர்சுகிட்ட நான்தான் குடுத்தேன், டாக்டர் பொண்ணுகூட என்னை ஒரு பார்வை பாத்தா, இந்தம்மாவுக்கு வெவரம் தெரியுதேன்னு. தெரியாம? இப்ப ஷிம்மியோட கெடக்கா, விலா எலும்பு ஒவ்வொண்ணாத் தெரியுது. நெஞ்சோட சேத்துப் புடிச்சாலும் திமிறுறா. தலையைத் தோள்ல சாச்சு வச்சா அந்தப் பக்கம் திருப்பிக்கிடுறா. கோவமா எம்மேல? அப்பாவைத் திட்டிட்டேன்னு கோவம், ஆட்டோவுல வரும்போது போன்ல நாலு பேரு கேக்கத் திட்டுனேன். அப்பா செல்லம். சாவக் கெடந்தாலும் அப்பாவைச் சொன்னா பொறுக்காது. என்ன வார்த்தை சொல்லுதேன் நான், வாய் அழுகிப் போவும். நெத்தி வேர்வையை முந்தானையால தொடைக்கேன், இருமுது. கையால என் நெஞ்சைத் தள்ளுறா. அம்மாடி, அம்மாவைத் தள்ளாத. இன்னும் இறுக்கிப் புடிக்கேன். மாஸ்க்கு ஓரத்துல தண்ணியா வடியுது, முந்தானை நுனியால ஒத்தி எடுக்கேன், ஒடனே இருமல், அடி வயித்துலருந்து, குழி அப்படியே பள்ளமா விழுது. முந்தானையை எடுத்துட்டேன். கொஞ்சம் கழிச்சு மறுபடி ஒத்துனேன். மறுபடி இருமல்.

நான் முந்தானையை என் மூக்குக்கிட்ட கொண்டுபோனேன். நெய்யி, கொப்பரை, வரட்டி, அரசங்குச்சி, எல்லாம் அதுலதான் இருக்கு. காலையிலருந்து மணையில உக்காந்து புகையைக் குடிச்சதே இந்தச் சேலைதான். ரவிக்கையில இருக்கு, தலைமுடியில இருக்கு, பூவுல இருக்கு. என் மூக்கு பழகிப்போயி எனக்குத் தெரியல. இவ பாவாடையை வெளிய அனுப்பிட்டு, அந்தப் புகையை நான் சுத்திக்கிட்டு, மூச்சு முட்டுற புள்ளையை அதுக்குள்ள போட்டு இறுக்கிப் புடிச்சுக்கிட்டிருக்கேன். அது தள்ளத் தள்ள இறுக்குதேன். அறிவு வேண்டாமான்னு மதினியைக் கேட்ட வாய் இது. வெவரம் தெரிஞ்சவ. ரத்தம் பாக்கிறவ. போடி மூதி. இந்த ரூமுல கழத்திப்போட்டு மாத்துறதுக்கு என்ன இருக்கு, ஒண்ணுமில்ல. மெஷின் வயரு நீளம் இவ்வளவுதான், நர்சு வாசல்ல அழுகிற இன்னொரு புள்ளைக்கு ஊசி போட்டுக்கிட்டு நிக்கா, இவளைத் தனியா ஸ்டூல்ல உக்கார வச்சா சரிஞ்சுருவா. எதுத்த பெஞ்சுல மதினி. வெளுத்துப்போன நீலக்கலர் நூல்சேலை, விடியக்காலையில துவைச்சுக் கட்டுனது. வாசல்கூடத் தாண்டல இவ. ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்துட்டா. அத்தனை பேரு பட்டும் புகை குடிச்சிருக்கு, இவ சேலையில மட்டும் சவுக்கார வாசம்தான் இருக்கும். இவளையா கேக்கணும் நான். பஃபைப் பழகிப்போவும்னவ, மருந்து வாசல் தாண்டப்படாதுன்னவ, இவளை. வேற யாருகிட்ட கேக்க, அந்த மனுஷன் வந்தாலும் இதே புகையோடதான் வருவாரு.

"மதினி, புள்ளையை நீங்க வச்சுக்கோங்க."

அவ எந்திரிக்கல. நான் திட்டுறேனோன்னு ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பாத்தா. அப்புறம் மெல்லமாக் கேட்டா.

"நானா பிரமு? வீடு பால்காய்ச்சுன அன்னைக்கு, நான் தொடலாமா?"

அப்பதான் எனக்கு ஒறைச்சுது. காலையிலருந்து அந்தக் காலி மனையில பக்கத்துப் பக்கத்து நாற்காலியில ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க, இவ இந்தப் புள்ளையைத் தொடல. ஆட்டோவுல ஓடி வந்து ஏறுனவ பின்னால எங்ககூட உக்காரல, டிரைவர் பக்கத்துல ஏறுனா. நெத்தியில பூசத்தான் ஒரு தடவை கையை நீட்டுனா, அதையும் நான் தட்டிவிட்டுட்டேன். கோட்டி. என்ன கிறுக்குத்தனம் இது. ஆத்திரமா வந்துது, இவமேலயா எம்மேலயான்னு தெரியல. தொடுங்க மதினி, என் சேலை பூராப் புகை, இவளுக்கு ஆகலன்னு சொன்னேன். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சுட்டா. கையை முந்தியில தொடைச்சுக்கிட்டு வந்து, நல்லாப் பழகுனவ மாதிரி, ஒரு கை முதுகுக்கும் ஒரு கை தொடைக்கும் குடுத்து, மாஸ்க்கு நழுவாம, வயரு மடங்காமத் தூக்குனா. மித்ரா போனா. திமிறல. அத்தை கழுத்துல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா, மாஸ்க்கோட.

நான் வாசலுக்கு வந்துட்டேன். செருப்பை வெளியே விடவும்னு எழுதியிருக்கிற எடம், எல்லாரு செருப்பும் கெடக்கு, மதினி செருப்பும் கெடக்கு, வாரு அறுந்து ஊக்குப் போட்டு வச்சிருக்கா. இந்த மனுஷி ஒரு செருப்புகூட வாங்கிக்க மாட்டாளா. பூவைப் பிச்சு எடுத்துக் குப்பைக்கூடையில போட்டேன். மெஷின் கத்திக்கிட்டுத்தான் இருக்கு. மருந்து பிடிக்கிற நேரமும் ஆச்சு, மருந்துதான் பிடிக்குதோ, சேலை மாறுனதுதானோ, லேபுல இப்படி ரெண்டையும் கலந்து குடுத்தா எது என்னன்னு சொல்ல முடியாதுன்னு திருப்பி அனுப்பிருவேன். இப்ப எனக்கு அது வேண்டாம். மதினி அவ முதுகைத் தடவிக்கிட்டு என்னமோ சொல்லுதா, மெஷின் சத்தத்துல கேக்கல. இருமல் வரல. இன்னும் வரல. டாக்டர் பொண்ணு வந்து, குழாயைக் காதுல மாட்டி, முதுகுல வச்சுப் பாத்துட்டு, பரவால்ல, காத்து போக ஆரம்பிச்சிருக்குன்னு மதினிகிட்ட சொல்லிட்டுப் போறா. மதினிகிட்ட. அம்மான்னு நெனைச்சுட்டா போல. நெனைச்சுட்டுப் போறா. நான் ஒரு அடி உள்ள வச்சேன். வைக்கவும் மித்ரா தலையைத் தூக்கிப் பாத்தா. மாஸ்க்குக்குள்ளருந்து சத்தம் வருமா, வந்துது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு விட்டுச் சொன்னா.

"நீ அங்கயே நில்லும்மா."

நின்னுட்டேன். மதினி பதறிப்போயி, புள்ள வெவரமில்லாமச் சொல்லுது, நீ வா பிரமு, உள்ள வான்னு கூப்பிடுதா. நான் கையைக் காட்டுனேன், இருக்கட்டும்னு. செருப்புக எல்லாம் காலைச் சுத்திக் கெடக்கு. குழி விழுது, எந்திரிக்குது, முன்ன மாதிரிப் பள்ளமா இல்ல. இங்கருந்தே நல்லாத் தெரியுது.